பனி வீட்டுக்குள் குளிராதா?

சென்ற மார்கழியில் ஒரு காலை. தருமபுரியில் மார்கழி விடியல் என்றால் வெப்பநிலை 16, 17 டிகிரி செல்சியசுக்கு இறங்கும். அதற்கே நாங்கள் காதை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு, தேநீர்க் கடை அடுப்புக்குப் பக்கத்தில் இடம் தேடுவோம். அப்படி ஒரு நாள் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். குளிரைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் இயற்பியல் படித்த மாணவர்; அரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பட்டம் பெற்றதும் இராணுவத்தில் சேர்ந்தவர், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு ரெண்டு வருசமா நெனச்சிட்டிருக்கேன்" என்றார். காஷ்மீரில் பனிமலைப் பயிற்சியின்போது, பனியைக் குடைந்து ஒரு பொந்து செய்து, மூன்று பேராக அதற்குள் ஓர் இரவு படுத்திருந்தார்களாம். வெளியே தண்ணீர்க் குப்பி கல்லாக உறைந்துவிட்டது. உள்ளே கையுறையைக் கழற்றிவிட்டுக் கடிதம் எழுத முடிந்தது. அடுப்பு இல்லை, ஒரே ஒரு மெழுகுவர்த்திதான். "பனிக்கட்டி வெப்பத்தை உறிஞ்சும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. சுத்திலும் பனி. அப்புறம் எப்படி சார் குளிரல?"

தேநீர் ஆறுகிற வரைக்கும் அவருக்குப் பதில் சொன்னேன். கடையில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பனிமலையைப் பார்க்காதவர்களாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கான விடைக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூரில் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் எச்சரிப்பது. அது வேறு. உதகையில் தை மாதத்தில் புல்வெளி வெளுத்துக் கிடக்குமே, அது உறைபனி. அதுவும் வேறு. இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சுபோல உதிர்ந்து, தரையில் ஆள் உயரத்துக்குக் குவிவது வெண்பனி. குளிர்பதனப் பெட்டியில் நாம் செய்வது பனிக்கட்டி. வெண்பனியும் பனிக்கட்டியும் இரண்டுமே உறைந்த நீர்தான். ஆனாலும் வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. என் மாணவரின் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்கியது.

ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் எடை 917 கிலோகிராம். அதே அளவு புதிதாக விழுந்த வெண்பனியோ 50 முதல் 100 கிலோகிராம்தான் இருக்கும். அப்படியானால் மீதி இடத்தில் என்ன இருக்கிறது? காற்று. புதுப்பனியின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் காற்றுதான். ஆறு முனைகளும் கிளைகளும் கொண்ட படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று தாறுமாறாக விழும்போது இடையிடையே காற்று சிக்கிக்கொள்கிறது. சிக்கிய காற்று எங்கும் நகர முடியாது. காற்று நகர்ந்தால் வெப்பத்தைச் சுமந்து செல்லும். இதை வெப்பச் சலனம் என்று படித்திருப்பீர்கள். நகராத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி.

எவ்வளவு சோம்பேறி என்பதை எண்களில் பார்க்கலாம். ஒரு பொருளின் வெப்பங்கடத்தும் எண் என்பது, ஒரு மீட்டர் தடிப்பும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள பலகையின் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு நொடியில் எத்தனை ஜூல் வெப்பம் அதன் வழியே போகும் என்பதாகும். செம்புக்கு அது ஏறத்தாழ 400. பனிக்கட்டிக்கு 2.2. செங்கல்லுக்கு ஏறத்தாழ 0.7. காற்றால் அடித்து இறுகிய, வாளால் அறுத்தெடுக்கக்கூடிய வெண்பனிக்கு 0.2 அல்லது 0.3. புதுப்பனிக்கு 0.05 அளவு. அசையாத காற்றுக்கு 0.025. வெண்பனியை நாம் பனிக்கட்டியோடு சேர்த்து எண்ணுகிறோம். ஆனால் எண்ணைப் பார்த்தால் அது பனிக்கட்டியைவிட, சித்தேரியிலும் வத்தல்மலையிலும் காணும் புல்வேய்ந்த கூரைக்கும், இலவம்பஞ்சு மெத்தைக்கும் நெருங்கிய சொந்தமாக இருக்கிறது. மெத்தையில் வெப்பத்தைத் தடுப்பது பஞ்சன்று, பஞ்சில் அகப்பட்ட காற்று. வெண்பனியிலும் அப்படியே.

"மெத்தை சூடாக இருக்கும், பனி சில்லென்று இருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். காப்புப் பொருளுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. வெப்பம் அதன் வழியே போவதை அது தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பது அதற்குக் கவலை இல்லை.

இதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. மெரினா கடற்கரைக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் என்ற வட்ட வடிவக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியை இன்றும் மக்கள் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வார்கள். குளிர்பதன எந்திரங்கள் வராத காலத்தில், 1842-ஆம் ஆண்டு, பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகவே கட்டப்பட்டது அது. பனிக்கட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து! போஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரடெரிக் டியூடர், அங்குள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் கப்பலில் 180 டன் பனிக்கட்டி இருந்தது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தாக வேண்டும். அப்படியும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. மரத்தூளுக்கு இடையிலிருந்த காற்று, வெளி வெப்பத்தை உள்ளே விடவில்லை. அதே வேலையை வெண்பனி தலைகீழாகச் செய்கிறது: உள் வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

சரி, உள்ளே வெப்பம் ஏது? மெத்தையும் கம்பளியும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெண்பனியும் உண்டாக்காது. பனிப் பொந்துக்குள் இருக்கும் அடுப்பு, உள்ளே படுத்திருக்கும் மனிதர்தான்.

உண்ட உணவை எரித்து நம் உடல் இடைவிடாமல் வெப்பத்தை வெளிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்து ஏறத்தாழ 100 வாட் வருகிறது. முன்பு வீடுதோறும் எரிந்த 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு. உறங்கும்போது இது முக்கால் பங்காகக் குறையும். 40 பேர் உட்கார்ந்திருக்கும் உங்கள் வகுப்பறையில் 4,000 வாட் வெப்பம் உண்டாகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு மின்சார அடுப்புகளை ஏற்றி வைத்தது போல! பங்குனி மாதத்துப் பிற்பகல் வகுப்பில் மாணவர்கள் ஏன் தூங்குகிறார்கள் என்பதற்கு என் பாடம் மட்டுமே காரணம் அல்ல என்று நான் என்னைத் தேற்றிக்கொள்வது இதை வைத்துத்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. அரைக்கோள வடிவில் ஒரு பனி வீடு. உள் ஆரம் 1.5 மீட்டர், சுவரின் தடிப்பு 30 சென்டிமீட்டர். உட்பரப்பு ஏறத்தாழ 14 சதுர மீட்டர். வெளிப்பரப்பு 20-க்குச் சற்று மேல். சராசரி 17 என்று கொள்வோம். இறுகிய வெண்பனியின் கடத்தும் எண் 0.2. இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், 0.2-ஐ 17-ஆல் பெருக்கி 0.3-ஆல் வகுக்க, ஒரு நொடிக்கு 11 ஜூலுக்குச் சற்று அதிகமாக வெளியே போகும். உள்ளே மூன்று பேர், 300 வாட். உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் நிலையில் வேறுபாடு எவ்வளவு? 300-ஐ 11.3-ஆல் வகுத்தால் 26 டிகிரிக்குச் சற்று மேல் வருகிறது. வெளியே சுழிக்குக் கீழ் 30 டிகிரி என்றால், உள்ளே சுழிக்குக் கீழ் 4 டிகிரிதான் இருக்கும்.

இதே வீட்டை அதே தடிப்புள்ள கெட்டிப் பனிக்கட்டியால் கட்டியிருந்தால்? 0.2 இருந்த இடத்தில் 2.2-ஐப் போடுங்கள். வேறுபாடு இரண்டரை டிகிரிகூடத் தேறாது. கான்கிரீட்டுக்கு 1.5 என்று போட்டால் மூன்றரை டிகிரி. மூன்று பேர் உடல் வெப்பத்தை மட்டும் நம்பிக் கான்கிரீட் அறையில் படுத்தால் விறைத்துப்போக வேண்டியதுதான். (தரை வழியே போகும் வெப்பம், வாசல் வழியே கசிவது, சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் இவற்றை எல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் சற்று மாறும். எது நல்ல வீடு என்ற தீர்ப்பு மாறாது.)

சுழிக்குக் கீழ் 4 டிகிரி கதகதப்பா என்று நீங்கள் சிரிக்கலாம். சுழிக்குக் கீழ் 30 டிகிரியில், கூரான காற்றில் பகல் முழுதும் நடந்துவிட்டு வந்தவனைக் கேட்க வேண்டும். காற்று இங்கே முக்கியம். உடலை ஒட்டி, உடலே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் போர்வையை வீசும் காற்று கணந்தோறும் உரித்துக்கொண்டே போகிறது. பனி வீட்டுக்குள் காற்று புகாது. ஓசைகூடப் புகாது. வெண்பனியின் துளைகள் ஒலியையும் விழுங்கிவிடும். "உள்ளே போனதும் காது அடைச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்று என் மாணவர் சொன்னது இதனால்தான்.

அவருடைய கேள்விக்கு இப்போது வருவோம். பனியைத் தொட்டால் கை விறைக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. கை பட்டதும் பனி உருகுகிறது. ஒரு கிராம் பனி உருக 334 ஜூல், அதாவது 80 கலோரி வெப்பம் வேண்டும். பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தீர்களே, அது. அத்தனையும் உங்கள் கையிலிருந்து போகிறது. போதாக்குறைக்கு, அழுத்திய இடத்தில் பனி நசுங்கிக் காற்றை இழந்துவிடுகிறது; நனைந்த துணியோ உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே பனி நம்மைச் சுற்றி இருக்கலாம். நம்மைத் தொடக் கூடாது. பனிப் பொந்தில் படுப்பவர்கள் முதலில் தரையில் தடித்த நுரைப் பாயை விரிப்பார்கள். பாய் இல்லாதவர்கள் மரக்கிளைகளையும் இலைகளையும் ஒரு முழ உயரத்துக்குப் பரப்புவார்கள். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும், கீழே ஒன்றும் இல்லாவிட்டால் பயன் இல்லை.

பனிப் பொந்தின் அமைப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. வாசல் தாழ்ந்திருக்கும், குனிந்து, சில சமயம் தவழ்ந்து, கீழிருந்து மேலே ஏறித்தான் உள்ளே போக வேண்டும். படுக்கும் திண்ணை வாசலின் மேல் விளிம்பைவிட உயரத்தில் இருக்கும். ஏன்? சுழிக்குக் கீழ் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.45 கிலோகிராம் என்றால், சுழி டிகிரியில் 1.29 கிலோகிராம். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தங்கும். சூடான காற்று மேலே ஏறிக் கூரையின் கீழ் நிற்கும். வாசல் அதைவிடத் தாழ்வாக இருப்பதால் அதற்கு வெளியேற வழி இல்லை. கதவே இல்லாமல் கதவின் வேலை நடக்கிறது. தலைகீழாகக் கவிழ்த்த பானைக்குள் புகை தங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலை உயரத்தில் வெட்டினால், மூன்று பேரின் வெப்பமும் மூன்றே நிமிடத்தில் மலைக்குச் சொந்தமாகிவிடும்.

கூரை வளைந்தும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மூச்சுக் காற்றின் நீராவியும், உருகும் பனியும் கூரையில் நீர்த்துளிகளாகும். கூரையில் ஒரு கூர்முனை துருத்திக்கொண்டிருந்தால் துளி அங்கே சேர்ந்து படுத்திருப்பவன் மேல் சொட்டும். வழவழப்பாக இருந்தால் சுவர் வழியே வழிந்து இறங்கிவிடும். இட்லிப் பானையின் மூடி ஏன் குவிந்திருக்கிறது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். தட்டையான மூடி போட்டால் இட்லியில் தண்ணீர் சொட்டும் என்பார். அதே விதிதான்.

வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களுக்கு (பழைய பாடநூல்கள் எஸ்கிமோக்கள் என்று சொல்லும்) இவை எல்லாம் இயற்பியல் நூல்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தெரியும். அவர்களின் இக்ளூ வீடு, காற்றடித்து இறுகிய வெண்பனியை நீண்ட கத்தியால் செங்கல்போல அறுத்து, சுருள் வட்டமாக அடுக்கி எழுப்புவது. பனிக்கட்டியால் கட்டுவது என்று படக்கதைகளில் போடுவார்கள், தவறு. பனிக்கட்டி அந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு: வெளிச்சம் வருவதற்காகப் பதிக்கும் சன்னல். கல்லைக் குடைந்து செய்த விளக்கில் சீல் கொழுப்பை எரித்து வெப்பமும் ஒளியும் பெறுவார்கள்.

விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் வீடு எவ்வளவு வேண்டுமானாலும் சூடாகுமா? ஆகாது. சுவர் சுழி டிகிரியை எட்டியதும் உருகத் தொடங்கும். அதற்கு மேல் தரும் வெப்பம் உருக்குவதில் செலவாகும். உருகிய நீரைப் பக்கத்துப் பனி உறிஞ்சி மீண்டும் உறைய, சுவரின் உட்புறம் கண்ணாடிபோல் ஒரு பனிக்கட்டிப் படலம் படியும். சுவருக்கு அதனால் வலு கூடும். ஆனால் காற்றுத் துளைகள் அடைபடுவதால் காப்புத் திறன் குறையும். இதற்கு இனுயிட் மக்களில் சிலர் கண்ட வழி அழகானது. விலங்குத் தோலைச் சுவருக்கு உட்புறமாக, சுவரைத் தொடாமல், இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார்கள். தோலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு குளிர்ந்த காற்று அடுக்கு. சுவர் உருகாமலிருக்க, தோலுக்கு உள்ளே மனிதர் சட்டையைக் கழற்றி வைக்கும் அளவுக்கு வெப்பம் ஏறியது!

இத்தனையும் சொன்ன பிறகு, நம் நாட்டுப் பனியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அது அவ்வளவு இனிமையான பேச்சு அல்ல.

காரகோரம் மலைத்தொடரில் உள்ள சியாச்சின் பனியாற்றில் 1984 ஏப்ரல் முதல் நம் படைவீரர்கள் காவல் இருந்து வருகிறார்கள். அங்கே 2016 பிப்ரவரி 3-ஆம் நாள், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் என்ற காவல் நிலையத்தின்மேல் பெரும் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன் காவல் காத்த இடம் அது. பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். 2004 வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். எனவே எங்கள் மண்ணின் மைந்தர். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே இல்லை.

ஆறாம் நாள், பிப்ரவரி 8 அன்று, 25 அடிக்கும் கீழே பனியை வெட்டிப் போன மீட்புக் குழுவினர் ஒருவரை உயிரோடு கண்டார்கள். கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. வெளியே இரவு வெப்பநிலை சுழிக்குக் கீழ் 40 டிகிரிக்கும் கீழே போகும் இடம். தில்லி இராணுவ மருத்துவமனையின் அறிக்கையில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: அவர் உடலில் பனிக்கடி இல்லை. பனிக்கடி என்பது விரல் நுனி, மூக்கு நுனி போன்ற இடங்களில் தசையே உறைந்து அழிந்துபோவது. திறந்த வெளியில் அந்தக் குளிரில் அது வருவதற்கு நிமிடங்களே போதும். ஆறு நாள் பனிக்குள் இருந்தவருக்கு அது இல்லை! அவரைச் சுற்றி ஒரு காற்றுப் பை அமைந்திருந்தது என்றும், அதனால்தான் மூச்சு விட முடிந்தது என்றும் சொன்னார்கள். இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: மேலே கிடந்த 25 அடிப் பனி, வெளிக் குளிரையும் காற்றையும் அவரிடம் நெருங்கவிடவில்லை. ஆனால் உணவும் நீரும் இன்றி உடல் என்ற அடுப்பு எத்தனை நாள் எரியும்? உடல் வெப்பம் குறைந்து, சிறுநீரகமும் கல்லீரலும் தளர்ந்து, நுரையீரலில் நோய் கண்டிருந்தது. பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் முன்பே உயிரிழந்திருந்தனர்.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பனி காப்பாற்றும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பனிச்சரிவில் விழும் பனி, உருண்டு நொறுங்கிச் சிமெண்டுபோல இறுகிவிடும். காற்றுப் பை வாய்க்காதவர்களில் பெரும்பாலோர் அரை மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி இறந்துவிடுகிறார்கள். குளிர் அவர்களைத் தொடுவதற்கு முன்பே. வெப்பத்தை வெளியே விடாத சுவர், காற்றையும் எளிதில் விடாது. பனி வீட்டின் பெரிய ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. இதைத்தான் நான் தேநீர்க் கடையில் அவசரத்தில் சரியாகச் சொல்லாமல் விட்டேன்.

அடைத்த இடத்தில் அடுப்பையோ கரியையோ எரித்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. எரிதல் முழுமையாக நடக்காமல் கார்பன் மோனாக்சைடு என்ற வளி உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. முதலில் தலைவலி, அசதி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுந்ததில்லை. சியாச்சின் உயரத்திலோ காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. அங்கே இந்த வளி இன்னும் விரைவாக வேலையை முடித்துவிடும். வீரர்களின் குடில்களைச் சூடாக்க நெடுங்காலம் பயன்பட்ட மண்ணெண்ணெய்க் கணப்புகளில் இந்த அபாயம் இருந்தது. அதைக் குறைப்பதற்காகவே நம் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் உடலியல் ஆய்வகம் 'ஹிம் தாபக்' என்ற புதுவகைக் கணப்பை உருவாக்கியதாக 2021-இல் செய்தி வந்தது.

இது இமயமலைச் சங்கதி என்று புரட்டிவிடாதீர்கள். கொடைக்கானல் போன்ற நம் மலையூர்களில், குளிருக்காகவோ கறி சுட்ட பிறகோ கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி வந்ததுண்டு. பள்ளியில் ஏற்காட்டுக்கோ உதகைக்கோ சுற்றுலா போவீர்கள். கணப்புச் சட்டியை அறைக்குள் கொண்டுவர யாராவது முயன்றால், நீங்கள் வயதில் சிறியவராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். குளிர்ந்தால் இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். இரண்டு பேராக ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். உங்களுக்குத்தான் தெரியுமே, பக்கத்தில் படுப்பவர் 75 வாட்!

அதனால்தான் பனிப் பொந்தின் கூரையில் முட்டி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட வேண்டும் என்பது மாறாத விதி. அந்தத் துளை வழியே கொஞ்சம் வெப்பம் போகும். போகட்டும். ஒரு மெழுகுவர்த்தி 50 முதல் 80 வாட் தரும்; அதைத் துளைக்குக் கொடுத்த கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. அரிசி ஆலையிலிருந்து ஒரு சிறு பை உமி வாங்கி வாருங்கள். மரத்தூள் கிடைத்தாலும் சரி. ஒரே அளவுள்ள இரண்டு சிறு கிண்ணங்களில் ஒரே அளவுப் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு மூடுங்கள். ஒன்றை மேசைமேல் வைத்துவிடுங்கள். மற்றொன்றை ஓர் அட்டைப் பெட்டியில், கீழும் மேலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடைத் தடிப்புக்கு உமி இருக்குமாறு புதைத்து வையுங்கள். எது முதலில் முழுதும் உருகுகிறது, எத்தனை நிமிட வேறுபாடு என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே கிண்ணங்களில் பனிக்கட்டிக்குப் பதிலாகச் சுடுநீரை ஊற்றிச் செய்யுங்கள். வெப்பமானி இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுங்கள். குளிரைக் காத்த அதே உமி சூட்டையும் காப்பதைப் பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் உமியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, பிழிந்துவிட்டு, சுடுநீரோடு மீண்டும் செய்யுங்கள். என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே ஊகித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.

விடுமுறை முடிந்து புறப்படுமுன் என் மாணவர் கல்லூரிக்கு வந்திருந்தார். துளையைப் பற்றி அவரிடம் சொல்ல விட்டுப்போனதே என்ற உறுத்தலோடு, முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். சிரித்தார். பனி பெய்கிற இரவில் துளை தானாகவே மூடிக்கொள்ளுமாம். அதனால் ஒரு நீளக் கம்பைத் துளையில் செருகி வைத்து, மூன்று பேரும் முறை வைத்து விழித்திருந்து, அரை மணிக்கு ஒரு தரம் அந்தக் கம்பை ஆட்டிக்கொண்டே இருந்தார்களாம். கடிதம் எழுதியது தூக்கம் வராமல் இருப்பதற்காகத்தான் என்றார்.